ரெண்டு கணேசன்

போன வாரம் மரவள்ளிக்குத் தண்ணி கட்டிக்கிட்டு இருந்தப்ப சென்னையிலிருந்து ஒரு நண்பர் போன் பண்ணினார். அவர் பையனுக்குப் பத்து வயசு. யூடியூப்புல பழைய பாட்டு பார்த்துட்டு, "சிவாஜி கணேசனும் ஜெமினி கணேசனும் அண்ணன் தம்பியாப்பா?"ன்னு கேட்டானாம். சிரிச்சுக்கிட்டே சொன்னார்.

"உங்க பிள்ளை பரவாயில்லீங்க. நான் ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு நினைச்சவன். அதுவும் அந்த ஆள் எங்கப்பான்னு நினைச்சவன்" என்றேன்.

அவர் விடவில்லை, எழுதுங்க என்றார். எழுதுகிறேன். இதில் சினிமா பாதி, எங்க ஊர்க் கதை பாதி. கடைசியில் ஒரு ஏக்கர் முப்பது சென்ட் நிலமும் வரும்.

எங்க ஊர் கல்வராயன் மலையடிவாரம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கம். காலையில் களத்தில் நின்றால் மலை நீலமா, கைக்கு எட்டுற மாதிரி இருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் சேலம் ஜில்லா. எங்களுக்கு 2019 நவம்பரில்தான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆச்சு. அதுக்கு முன்னாடி விழுப்புரம் மாவட்டம். நான் சின்னப் பையனா இருந்தப்ப தென்னாற்காடு.

தென்னாற்காடுன்னா தெருக்கூத்து. எங்க ஊர் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பத்து ராத்திரி கூத்து நடக்கும். பகலில் எங்க காட்டில் கடலை பிடுங்கிக்கிட்டு இருந்தவர் ராத்திரி புஜக்கட்டையும் கிரீடமும் கட்டிக்கிட்டு துரியோதனனா வந்து நிற்பார். ஆள் குறைவான செட்டா இருந்தா, ஒருத்தரே முன்ராத்திரி ஒரு வேஷம், பின்ராத்திரி ஒரு வேஷம். ஆறேழு வயசில் எனக்குத் தெரிந்த நடிப்பு அதுதான். நமக்குத் தெரிஞ்ச ஆள், ராத்திரியானா வேற ஆளா மாறுவார்.

எங்கப்பா பேர் கணேசன். ஆனா அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊரே "சிவாஜி"ன்னுதான் கூப்பிடும். ஏத்தம் இறைச்ச காலத்திலிருந்தே குரல் கொஞ்சம் பெரிசு. மாட்டை அதட்டினா அடுத்த காட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். வாய் நிறைய வசனம் வேற. வீட்டுக்கு வந்த தபாலில் மட்டும் "ரா. கணேசன்"னு இருக்கும். அப்ப எனக்கு ரெண்டு விஷயம் தெரியும். அப்பா கணேசன். அப்பா சிவாஜி.

இந்த நேரத்தில்தான் எங்க பக்கத்து ஊர்ல டூரிங் டாக்கீஸ் போட்டாங்க. கீத்துக் கொட்டகை. தரை டிக்கெட்டுக்கு மணல்தான் ஆசனம்; முன்னால் இருக்கிறவன் தலை மறைச்சா மணலைக் குவிச்சு மேட்டில் ஏறி உட்காரலாம். ஒரே ஒரு மிஷின்தான், அதனால் ரீல் மாத்த ஒவ்வொரு தடவையும் விளக்குப் போடுவாங்க. ஒரு படத்துக்கு மூணு இடைவேளை. சாயங்காலம் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு ஸ்பீக்கரில் கேட்டுச்சுன்னா டிக்கெட் கொடுக்கப் போறாங்கன்னு அர்த்தம்.

மாட்டு வண்டியில் தட்டி கட்டி, தமுக்கடிச்சு நோட்டீஸ் போடுவாங்க. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஒரு வாரம் "சிவாஜி கணேசன்". முறுக்கின மீசை, உருட்டின கண்ணு. அடுத்த வாரம் "ஜெமினி கணேசன்". எண்ணெய் தடவி வாரின தலை, பொம்பளை பக்கத்தில் சிரிச்ச முகம். முகம் ரெண்டு, கணேசன் ஒண்ணு. நான் கண்டுபிடிச்சேன்: இந்த வாரம் அப்பாவுக்கு மீசை வேஷம். அடுத்த வாரம் மழமழ வேஷம்.

இதுக்குச் சாட்சியும் இருந்தது. எங்களுக்கு மோட்டாருக்குக் கரண்ட் ராத்திரியில்தான் வரும். அப்பா டார்ச் லைட்டை எடுத்துக்கிட்டு "தண்ணி கட்டிட்டு வரேன்"னு கிளம்புவார். விடியக்காலையில் களைச்சுப்போய் வருவார். கூத்துக்காரங்களும் அப்படித்தானே வருவாங்க! நான் யார்கிட்டயும் சொல்லலை. அப்பாவே சொல்லாத ரகசியத்தை நான் ஏன் சொல்லணும்?

இப்ப நினைச்சா, அந்த வயசில் நான் நினைச்சதில் பாதி சரிதான். சிவாஜின்னு ஒரு பேர் வந்ததே வேஷத்தால்தான்.

விழுப்புரத்தில் 1928 அக்டோபர் 1-ம் தேதி பிறந்தவர் அவர். வி.சி.கணேசன். அப்பா பேர் சின்னையா மன்றாயர். "நம்ம ஜில்லாக்காரர்"னு எங்க பக்கம் பெரியவங்க சொல்றதில் ஒரு பெருமை இருக்கும். சின்ன வயசிலேயே பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்து, சீதை மாதிரி பொம்பளை வேஷமெல்லாம் கட்டி வளர்ந்தார். 1940-களின் நடுவில் அண்ணாதுரை 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்'னு ஒரு நாடகம் எழுதினார். மராட்டிய சிவாஜிக்குப் பட்டம் கட்டுறதில் பிறப்பைக் காரணம் காட்டித் தடை வர்ற கதை. காகபட்டர் வேஷம் அண்ணாவே போட்டார். சிவாஜி வேஷத்துக்கு முதலில் பேசப்பட்டவர் எம்.ஜி.ஆர்.னு சொல்வாங்க. கடைசியில் அது இந்த இளைஞருக்கு வந்தது. நாடகம் பார்த்த பெரியார், இனி இவர் சிவாஜி கணேசன்னு சொன்னார். அது நிலைச்சுடுச்சு. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' வந்த பிறகு அந்தப் பேர் தமிழ்நாடு முழுக்கப் போச்சு.

இதில் எங்க மண்ணுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. நிஜ சிவாஜி 1677-ல் தெற்கே படையோடு வந்து பிடிச்ச கோட்டை செஞ்சி. அதுவும் பழைய தென்னாற்காடுதான். ஒரு சிவாஜி குதிரையில் வந்து கோட்டையைப் பிடிச்ச அதே ஜில்லாவில் இன்னொரு சிவாஜி பிறந்திருக்கார்.

இன்னொரு கணேசன் கதை வேற. புதுக்கோட்டையில் 1920 நவம்பர் 17-ல் பிறந்தவர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவருக்கு அத்தை. மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் படிச்சு, அங்கேயே வேலையும் பார்த்தார். அப்புறம் எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். நடிக்க இல்லை, நடிக்க வாய்ப்புக் கேட்டு வர்றவங்களைப் பார்த்துத் தேர்வு செய்யிற வேலை. 1947-ல் 'மிஸ் மாலினி'யில் சின்ன வேஷம் கிடைச்சது. அந்தக் காலத்தில் ஆர்.கணேஷ்னு பேர். 1952-ல் 'தாய் உள்ளம்' படத்தில் வில்லன். அதே வருஷம்தான் 'பராசக்தி'. அந்தப் பக்கம் ஒரு கணேசன் ஒரே படத்தில் உச்சிக்குப் போனதும், இந்தப் பக்கம் இருந்த கணேசனை ஜனங்க எப்படிப் பிரிச்சுச் சொல்றது? வேலை பார்த்த கம்பெனி பேர் முன்னாடி வந்து உட்கார்ந்தது. ஜெமினி கணேசன்.

ஜெமினின்னா மிதுன ராசி. இரட்டையர். ரெண்டு குழந்தைங்க ஊதுகுழல் ஊதுற அந்தக் கம்பெனி முத்திரை பழைய படம் பார்த்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். குழப்பம் வரக்கூடாதுன்னு வச்ச பேருக்கு அர்த்தமே இரட்டைன்னு அமைஞ்சது. 1953-ல் அவர் கதாநாயகனா நடிச்ச 'மனம்போல மாங்கல்யம்' படத்திலும் அவருக்கு ரெட்டை வேஷம்.

இது இந்த ரெண்டு பேரோட நிற்கலை. எம்.ஜி.ஆர். பழைய படங்களின் டைட்டிலைப் பாருங்க, "எம்.ஜி.ராம்சந்தர்"னு இருக்கும். 'சபாபதி' (1941) புகழ் டி.ஆர்.ராமச்சந்திரன் அப்ப பெரிய ஆள். ஒரே பேரில் ரெண்டு பேர் வேண்டாம்னு இவர் பேரைக் கொஞ்சம் மாத்தி வச்சிருந்தாங்க. பின்னால் யார் பெரிய ஆள் ஆனார்னு உங்களுக்குத் தெரியும்.

எங்க தாத்தாவுக்கு வேற குழப்பம். அவர் பி.யு.சின்னப்பா பக்தர். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் எடுத்த 'உத்தமபுத்திரன்' (1940), அதில் சின்னப்பாவுக்கு ரெட்டை வேஷம், அதை எத்தனை தடவை பார்த்தார்னு அவருக்கே கணக்கில்லை. சின்னப்பா 1951-ல், முப்பத்தஞ்சு வயசில் இறந்துட்டார். இருபது வருஷம் கழிச்சு 'நல்ல நேரம்' பட நோட்டீஸில் "சின்னப்பா"ன்னு எழுதியிருக்கிறதை யாரோ படிச்சுக் காட்ட, தாத்தா வண்டி கட்டிக்கிட்டுப் போனார். அது யானையை வச்சுப் படம் எடுத்த தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவர். படம் முடியிற வரைக்கும் தாத்தா காத்திருந்திருக்கார். திரும்பி வந்து, "ஆனை நல்லா நடிச்சுது. நம்மாளைத்தான் காணோம்"னு மட்டும் சொன்னாராம்.

ஏன் இவ்வளவு குழப்பம்? காரணம் நம்ம வழக்கத்திலேயே இருக்கு. பேரன்கிற சொல்லே பெயரன்தான். தாத்தா பேரைத் தாங்குறவன். குலசாமி பேர், தாத்தா பேர், பிறந்த நட்சத்திரத்துக்கு ஏத்த பேர்னு வச்சா ஒரு ஊரில் பத்து பேர்தான் சுத்திச் சுத்தி வரும். மலையில் கரியராமர் சாமி; எனக்குத் தெரிஞ்சே எங்க காட்டுக்குக் கரும்பு வெட்ட இறங்கி வந்த ஒரே செட்டில் மூணு ராமன் இருந்தாங்க. அதனால்தான் ஊர் பேருக்கு முன்னாடி ஒண்ணு ஒட்டும். வேஷத்தை வச்சு ஒட்டும். வேலை பார்த்த இடத்தை வச்சு ஒட்டும். வீட்டு வேப்பமரத்தை வச்சு, நெத்தித் தழும்பை வச்சு ஒட்டும். பெரியார் ஒரு கணேசனுக்குச் செஞ்சதும் சினிமா உலகம் இன்னொரு கணேசனுக்குச் செஞ்சதும் நம்ம ஊர்த் திண்ணையில் தினம் நடக்கிற காரியம்தான்.

சரி, என் ரகசியத்துக்கு வரேன்.

1975 வாக்கில், கொட்டகையில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' போட்டாங்க. 1959-ல் வந்த படம், பி.ஆர்.பந்துலு எடுத்தது. கெய்ரோ பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது வாங்கிக் கொடுத்தது. அப்பாவுக்குப் பட்டப்பேர் வாங்கிக் கொடுத்ததும் அதே படம்தான். வந்த புதுசில் பார்த்துட்டு வந்து களத்துமேட்டில் வசனம் பேசிக் காட்டியிருக்கார். குடும்பத்தோட போனோம். பக்கத்துக் காட்டு மாமாவும் வந்தார். மெதுவாப் பேசுவார், தலை கலையாம வாரியிருப்பார். அவரை எல்லாரும் "ஜெமினி"ன்னு கூப்பிடுவாங்க. எனக்கு அவர் வெறும் மாமா.

நான் அப்பாவை ஒட்டி உட்கார்ந்தேன். திரையில் கட்டபொம்மன் வந்தார். நான் இருட்டில் அப்பா கையைத் தொட்டுப் பார்த்தேன். கை இங்கதான் இருக்கு! சரி, முன்னாடியே நடிச்சு வச்சுட்டார் போலன்னு சமாதானம் பண்ணிக்கிட்டேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளையத்தேவன் வந்தார். அது ஜெமினி. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நின்னு பேசினாங்க. எனக்கு உலகமே ஆடிப்போச்சு.

"அப்பா, நீ எப்படி ரெண்டு பேரா நிக்கிற?"

சத்தமாக் கேட்டுட்டேன். சுத்தி இருந்தவங்க திரும்பினாங்க. அப்பாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆச்சு. புரிஞ்சதும் மணலில் சாஞ்சு சாஞ்சு சிரிச்சார். அப்புறம் காதுகிட்ட வந்து, "அது சிவாஜி கணேசன், இது ஜெமினி கணேசன். ரெண்டு ஆளுடா. நம்ம ஊர்ல நான் ஒரு கணேசன், மாமா ஒரு கணேசன் இல்ல? அதான் என்னைச் சிவாஜிங்கிறாங்க, மாமாவை ஜெமினிங்கிறாங்க" என்றார்.

மாமா பேரும் கணேசன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். மாமாவின் அப்பா பேரும் எங்க தாத்தா பேர் மாதிரியே 'ரா'வில்தான் ஆரம்பிக்கும். அதனால் அவரும் ரா. கணேசன். இது அப்ப வேடிக்கையா இருந்தது.

படத்தில் வெள்ளையத்தேவன் சண்டையில் செத்துப்போனார். நான் அழுதுகிட்டே தூங்கிட்டேன். காலையில் எழுந்ததும் பல்லு கூட விளக்காம மாமா வீட்டுக்கு ஓடினேன். திண்ணையில் உட்கார்ந்து கூழ் குடிச்சுக்கிட்டு இருந்தார். "என்னாடா மாப்ளே"ன்னார். ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

இதோட முடிஞ்சிருந்தா இது வெறும் சின்ன வயசுக் கதை.

தமிழ்நாடு முழுக்க 1979-லிருந்து 1987 வரைக்கும் பட்டாக் கணக்கைப் புதுப்பிச்சு எழுதினாங்க. யு.டி.ஆர்.னு சொன்னா விவசாயிங்க எல்லாருக்கும் தெரியும். எங்க அப்பா காடும் மாமா காடும் ஒரே வரப்பு. அந்தக் கணக்கில், அப்பாவின் ஒரு ஏக்கர் முப்பது சென்ட், மாமாவின் பட்டாவில் ஏறிடுச்சு. எழுதின கையைக் குத்தம் சொல்லி என்ன செய்ய? காகிதத்தில் ரெண்டு பேரும் ரா. கணேசன். சிவாஜிக்கும் ஜெமினிக்கும் அந்தப் பேரேட்டில் இடம் கிடையாது.

அவங்க ரெண்டு பேரும் கவலைப்படலை. அப்பா அவர் காட்டை உழுதார், மாமா அவர் காட்டை உழுதார். மலையிலிருந்து கடுக்காய் மூட்டையோட இறங்கி வர்ற பெரியவர் கூட "சிவாஜி காட்டு வழியா வந்தேன், ஜெமினி காட்ல சோளம் முத்திடுச்சு"ன்னுதான் சொல்வார். மாமா 2009-ல் போனார். அப்பா 2012-ல்.

2015-ல் சொட்டுநீர் மானியத்துக்குச் சிட்டா எடுத்தப்பதான் எனக்குத் தெரிஞ்சது. கிணறு இருக்கிற துண்டு எங்க பேரில் இல்லை. அந்தத் துண்டு போனா மீதி நிலம் மானாவாரிதான். அதுக்குள்ள ரோடு வந்து நிலத்தோட விலையும் ஏறிப்போச்சு. மாமா பையன் திருப்பூரில், பனியன் கம்பெனியில். என் கூடப் படிச்சவன். அவனுக்குக் கடன் இருந்தது. "கையெழுத்துப் போடாதே, பட்டா உன் அப்பா பேர்ல இருக்கு"ன்னு அவனுக்குச் சொல்ல ஆள் இருந்தாங்க. மூணு மாசம் அவன் என் போனை எடுக்கலை. எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. காகிதத்தில் அவன் பக்கம்தான் பலம்.

ஆபீசுக்கு நடந்த நடையை எழுதினா தனிக் கதை. ஒரு நாள் ஊருக்கு வந்து விசாரிச்சாங்க. அக்கம்பக்கத்துக் காட்டுக்காரங்க எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க. மலைப் பெரியவரும் கம்பை ஊனிக்கிட்டு வந்து நின்னார். "ரா. கணேசன் காடு எதுங்க?"ன்னு கேட்டா அவருக்குப் பதில் தெரியலை. "சிவாஜி காடு எது?"ன்னு நான் கேட்டதும் கிணத்தைப் பார்த்துக் கையை நீட்டினார்.

அன்னிக்குத் திருப்பூரிலிருந்து அவனும் வந்திருந்தான். ஓரமா நின்னான். அவன் அம்மா, எங்க அத்தை, திண்ணையை விட்டு இறங்காமலே சொன்னாங்க: "உங்கப்பன் முப்பது வருசம் அந்தக் கிணத்துல தண்ணி கேட்டு வாங்கிப் பாய்ச்சினாருடா. சொந்தக் கிணத்துல எவனாச்சும் தண்ணி கேப்பானா? அது சிவாஜி காடு. போட்டுக் குடு."

அவன் போட்டுக் கொடுத்தான். பணம் எதுவும் வாங்கலை. சாயங்காலம் ரெண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசாமலே இருந்தோம். பிறகு பழைய கட்டபொம்மன் கதையைச் சொன்னேன். அவங்கப்பா உயிரோட இருக்காரான்னு நான் காலையில் ஓடி வந்து பார்த்ததைச் சொன்னதும் அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டான்.

அவன் எழுதிக் கொடுத்த காகிதத்தில் எங்கப்பா பேர், "ரா. கணேசன் என்கிற சிவாஜி". அவங்கப்பா பேர், "ரா. கணேசன் என்கிற ஜெமினி". எழுதினவர் பேனாவை நிறுத்திட்டு நிமிர்ந்து பார்த்தார். "நிஜமாவா?"ன்னார். நிஜம்தாங்க. அந்த 'என்கிற'வை 1980-களிலேயே யாராவது எழுதியிருந்தா எனக்கு மூணு மாசத் தூக்கம் மிச்சமாகியிருக்கும்.

உங்களுக்கு ஒரு வார்த்தை. பட்டணத்தில் இருந்தாலும் ஊரில் நிலம் இருந்தா, சிட்டாவை ஒரு தடவை எடுத்து சர்வே நம்பரோட சரிபாருங்க. உங்க அப்பாவுக்கு ஊரில் என்ன பட்டப்பேர்னு அம்மாகிட்ட கேட்டு எழுதி வைங்க. அதைத் தெரிஞ்சவங்க இருக்கும்போதே கேளுங்க. எங்க மலைப் பெரியவர் அடுத்த வருஷமே போயிட்டார்.

சென்னை நண்பர் பையனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். அண்ணன் தம்பி இல்லப்பா. 'பாசமலர்'ல மச்சான் மாப்பிள்ளை. ஒருத்தர் விழுப்புரம், ஒருத்தர் புதுக்கோட்டை. 2001-ல் ஒருத்தர் போனார், 2005-ல் இன்னொருத்தர்.

திருப்பூர்க்காரன் போன் நம்பரை நான் "ஜெமினி"ன்னுதான் சேவ் பண்ணி வச்சிருக்கேன். பொங்கலுக்கு வரேன்னிருக்கான்.